பெக்கோ படம் போட்ட மஞ்சள் சேட்டு

கிண்ணியாப் பாலத்தில் வான் ஏறியதும் றிஸ்கான் கண்ணாடியை இறக்கினான். கட்டாரில் இருந்த காலமெல்லாம் இந்த உப்புக் காற்றுக்காக ஏங்கினவன். இன்றைக்கு அது முகத்தில் அடித்தபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பக்கம், தூரத்தில், துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்று நின்றது. மறுபக்கம் குடாவில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவன் அந்தச் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

மகன் அகீல் காணாமல் போய் ஒரு மாரிக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை. ஒரு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து, பொழுது படுகிற மஃரிபுக்கு முன்னால், குசினிக் கதவால் முற்றத்தில் இறங்கினான். திரும்பி வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கதை.

கதைக்கு இந்த ஊரில் பஞ்சமா? கிணற்றில் விழுந்தான் என்றார்கள். பொலிஸ் வந்து கிணற்றை இறைத்துப் பார்த்தது, பழைய வாளியொன்றுதான் வந்தது. முதலை என்றார்கள். கிட்னிக்காகப் பிடித்துப் போனார்கள் என்றார்கள். ஜின் தூக்கிக்கொண்டு போனது என்றார்கள். குடும்பப் பகை, வாப்பாவே ஆள் வைத்துத் தூக்கினார் என்று ஒரு புண்ணியவான் முகநூலில் எழுதினான். அவன் நல்லா இருக்கட்டும். உம்மாக்காரியைப் பற்றி எழுதியதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. இதையெல்லாம் றிஸ்கான் தோஹாவில் ஒரு அறையில், மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் வாசித்தான். கம்பெனிக்காரன் லீவு தருகிறேன் தருகிறேன் என்று இழுத்தடித்தான். கடைசியில் சண்டை பிடித்து, வேலையையும் விட்டெறிந்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தான்.

வீட்டு வாசலில் வான் நின்றது. நல்ல வெயில். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை.

உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். மனைவி ஜுமானா சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள். அவளுடைய மடியில் நான்கு வயது மகள் அசனா. கணவன் வந்ததைக் கண்டும் ஜுமானா எழும்பவில்லை. ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பார்வை அவனைத் தாண்டி வாசல் கதவுக்குப் போனது. அசனாவுக்கு வாப்பாவை அடையாளம் தெரியவில்லை. உம்மா தலையில் போட்டிருந்த சோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பேச்சை ஆரம்பித்தவள் பக்கத்து வீட்டு பஹ்மியா.

"நான்தான் றிஸ்கான் முதல்ல பள்ளிவாசலுக்கு ஓடினன். இவவுக்குக் கை கால் ஓடல்ல. பாங்கு சொல்ற மோதினாரிட்டச் சொல்லி மைக்கில போட வெச்சது நான்தான்." அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "என்னைக் கேட்டா ஆட்டோக்காரன்தான். லிங்கநகர்ல என்ட தங்கச்சி கண்ணால கண்டவள். ஆட்டோவுக்குள்ள புள்ள தனிய இருந்திருக்கு. மஞ்சள் சேட்டு போட்டிருந்தவன்."

"சும்மா போங்க ராத்தா." ஜுமானாவின் தம்பி றுமைஸ் குறுக்கே விழுந்தான். "கடற்கரையாலதான் கொண்டு போயிருக்கானுகள். இதுக்குத்தான் இவரையே கூட்டி வந்தனான்."

அவன் காட்டிய ஆள் நிலாவெளியில் கரைவலை இழுக்கிற தம்பிராசா. கதிரையின் நுனியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எந்தப் பின்னேரம்?" என்று பஹ்மியா கேட்டாள்.

றுமைஸ் சொன்னான். பஹ்மியா வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய தங்கச்சி லிங்கநகரில் கண்டதும் அதே பின்னேரம், அதே மஃரிப் நேரம். கிளிவெட்டியில் வயல் வரம்பில் ஒரு பிள்ளை நின்றதென்று போன் வந்ததும் அதே நேரத்தில்தான் என்று றுமைஸே பிறகு இழுத்து இழுத்துச் சொன்னான்.

"ஒரு புள்ள மூண்டு இடத்தில எப்படி நிக்கும்?" என்றான் றிஸ்கான்.

"ரெண்டு பேர் பிழையாக் கண்டிருப்பாங்க" என்றாள் பஹ்மியா. தன்னுடைய தங்கச்சி அந்த இரண்டு பேரில் இல்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

தம்பிராசா தொண்டையைச் செருமினார். "தம்பி, கோவிக்காதீங்க. நான் கண்டதைச் சொல்லுறன். வலை கரைக்கு வாற நேரம். பிள்ளை தண்ணிக்குள்ள நிண்டவன், இடுப்பளவில. எங்களைப் பார்த்துச் சிரிச்சவன். கூப்பிட்டனான், வரேல்ல. மஞ்சள் சேட்டு, நெஞ்சில மண் வெட்டுற பெக்கோ மெசின் படம். ஆனா தம்பி..." அவர் குரலைத் தாழ்த்தினார். "அலை அடிக்குது, சேட்டு நனையவே இல்ல. கடையில மடிச்சு வெச்ச மடிப்புக் கூடக் கலையேல்ல. கழுத்தில கடைக்காரன் விலை போட்ட துண்டு தொங்கினது."

ஜுமானா அசனாவை இறுக்கிக்கொண்டாள்.

மஞ்சள் சேட்டு என்று றிஸ்கான் போனில் வாசித்திருக்கிறான். ஏதோவொரு மஞ்சள் சேட்டு என்றுதான் நினைத்திருந்தான். பெக்கோ படம் என்று எவரும் எழுதவில்லை. அவனுடைய கண் தன்னையறியாமல் வாசலோரம் கிடந்த தன் பயணப் பையில் போய் விழுந்தது.

"எல்லாரும் போங்க" என்றான்.

"என்ன றிஸ்கான், நாங்க உங்களுக்காகத்தானே—"

"போங்க எண்டனான்."

பஹ்மியா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். றுமைஸ் முறைத்துவிட்டுப் போனான். தம்பிராசா மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று, வெயிலின் சரிவைப் பார்த்தார். பிறகு அவரும் அவசரமாக நடந்தார்.

றிஸ்கான் பையைத் திறந்து அடியில் கைவிட்டான். இருந்தது. மஞ்சள் சேட்டு. நெஞ்சில் பெக்கோ. கழுத்தில் விலைத் துண்டு. மடிப்புக் கலையாமல், கண்ணாடிப் பையோடு. தோஹாவில் வாங்கி, வீடியோவில் அகீலுக்குக் காட்டியது. அன்றைக்குப் பிள்ளை துள்ளிய துள்ளல்! ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டுமென்று நினைத்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தச் சேட்டு இலங்கை மண்ணுக்கு வந்ததே இன்றைக்குத்தான்.

அதை ஜுமானாவின் முன்னால் போட்டான்.

"இது என்ட பையில கிடந்தது. அப்ப ஊர் முழுக்கக் கண்டது ஆரை?"

ஜுமானா சேட்டைத் தொடவில்லை. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"புள்ள என்ன உடுத்திருந்தவன்?"

"மேல ஒண்டுமில்ல. இடுப்பில நீலக் களிசான் மட்டும்." அவள் குரல் கேட்பதே கஷ்டமாக இருந்தது. "வாப்பா பெக்கோ சேட்டு வாங்கிட்டார் எண்டு அவன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவன். பஹ்மியா ராத்தா அதைக் கேட்டிருக்கா. பள்ளியில, என்ன உடுப்பு எண்டு மோதினார் கேக்க, வாப்பா அனுப்பின பெக்கோ படம் போட்ட மஞ்சள் சேட்டு எண்டு சொல்லிட்டா. போட்டிருந்தானா இல்லையா எண்டு பார்த்தாவா? இல்ல. சொல்லிட்டா."

"அதைத் திருத்திச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"முதல்ல எனக்கு நினைவே இல்ல. மறுகா..." அவள் கதவைப் பார்த்தாள். "மறுகா அது வந்திச்சு."

"எது?"

"மஃரிபுக்கு வரும். உம்மா எண்டு கூப்பிடும். அவன்ட குரல்தான். நான் ஓடிப் போய்ப் பாதி திறந்திட்டன். மஞ்சள் சேட்டோட நிண்டது. பெக்கோ படத்தோட. இங்க வராத சேட்டு எப்படி வரும்? அடிச்சு மூடினன். அண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் வருகுது. மைக்கில சொன்ன மாதிரியேதான் வருகுது. பிழையாச் சொன்னதால பிழையா வருகுது. அந்தப் பிழையாலதான் அது என்ட புள்ள இல்லை எண்டு எனக்குத் தெரியும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், அதைத் திருத்தப் போகாதீங்க."

றிஸ்கானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்ததுதான். அதற்கும் மேலே கோபம் வந்து ஏறிக்கொண்டது. சட்டை இல்லாமல் போன பிள்ளையைச் சட்டை போட்ட பிள்ளையாக ஒரு மாரி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். எங்கேயாவது ஒரு தெருவில், ஒரு பஸ்ஸில், அகீல் வெறும் மேலோடு நின்றிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? இதைத் தெரிந்துகொண்டும் இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள், பேய்க்கதை சொல்லிக்கொண்டு!

"வேற என்ன அடையாளம்?" என்று கேட்டான்.

"இடது முழங்கையில தேத்தண்ணி கொட்டின தழும்பு. உங்களுக்குத் தெரியுந்தானே."

"வேற?"

ஜுமானா தரையைப் பார்த்தாள்.

"வேற ஒண்டுமில்ல."

றிஸ்கான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மோதினார் இவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் கையை விட்டுவிட்டார்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு மாத்திச் சொன்னா சனம் என்ன நினைக்கும் தம்பி?"

"சனம் நினைச்சது போதும். நீங்க போடுங்க."

மைக் கரகரத்தது. பிறகு மோதினாரின் குரல் கோபுரத்திலிருந்து கிளம்பியது. காணாமல் போன அகீல் என்ற பிள்ளை தொடர்பான திருத்தம். மஞ்சள் சேட்டு அல்ல. மேலாடை இல்லை. நீலக் களிசான். இடது முழங்கையில் சுடுதண்ணீர்த் தழும்பு. கண்டவர்கள் உடனே அறியத் தரவும். இரண்டாம் முறையும் சொன்னார். குரல் குடாவின் தண்ணீர் மேல் போய், எதிர்க்கரையில் முட்டித் திரும்பி வந்தது. றிஸ்கானுக்கு நெஞ்சு லேசானது. மகனுக்காக அவன் செய்த முதல் காரியம் இது. கட்டாரில் இருந்து எதைச் செய்ய முடிந்தது?

கரையோரப் பாதையால் திரும்பி நடந்தான். வெயில் இறங்கிவிட்டது. வீடு வீடாகத் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மஃரிபில் பிள்ளைகள் வெளியே நிற்கக் கூடாது என்று. ஒரு வாசலில் ஒருத்தி இவனைக் கண்டதும் தன் பிள்ளையை இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவனுக்கு அது சுருக்கென்று குத்தியது.

வீட்டில் ஜுமானா நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கேட்டன்" என்றாள். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திட்டீங்க."

அவள் முன்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். குசினிக் கதவைப் போட்டாள். ஜன்னல் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அசனாவைத் தூக்கி மடியில் வைத்து, உதடு மட்டும் அசைய ஓதத் தொடங்கினாள். பாங்கு சொல்லத் தொடங்கியது. றிஸ்கான் தொழப் போகவில்லை. கதவுக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்தான். பொஞ்சாதியின் பைத்தியத்தை இன்றைக்கே தெளிவித்துவிட வேண்டும் என்பது அவன் நினைப்பு.

பாங்கு முடிந்தது.

முதலில் வந்தது மணம். வற்றிய குடாவின் சேற்று மணம். அழுகிய பாசி, செத்த மீன், அதற்குள்ளே எங்கேயோ குழந்தைப் பவுடரின் வாசம். சாத்தியிருந்த வீட்டுக்குள் அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. அசனா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது பழகிப்போன மணம்.

பிறகு முற்றத்தில் காலடி. சின்னக் கால். ஈரக் கால்.

படியில் ஏறியது.

நின்றது.

கதவின் கீழ்ப்பகுதியில், ஒரு பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில், மெல்லத் தட்டுகிற சத்தம்.

"உம்மா."

போனில் எத்தனை தரம் கேட்ட குரல். றிஸ்கான் எழும்பி, ஜன்னல் பலகையின் இடைவெளியில் கண்ணை வைத்தான்.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. படியில் அகீல் நின்றான். மேலில் ஒன்றும் இல்லை. விலா எலும்பு தெரிந்தது. நீலக் களிசான். இடது முழங்கையில் அந்தத் தழும்பு, இலை மாதிரி விரிந்து. தலையை நிமிர்த்தி நேரே ஜன்னலைப் பார்த்தான்.

"வாப்பா வந்திட்டீங்களா?"

இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மகனே, என் மகனே என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தான். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான். ஜுமானா பின்னாலிருந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு மெலிந்தவளுக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

"சிரிக்கச் சொல்லுங்க" என்று காதுக்குள் சொன்னாள்.

"விடு என்னை. அவன்தான்."

"சிரிக்கச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு நீங்க திறங்க, நான் தடுக்க மாட்டன்."

ஒரு கை தாழ்ப்பாளிலேயே இருக்க, அவன் சரிந்து மறுபடியும் ஜன்னல் இடைவெளியில் கண்ணை வைத்தான். "மகன், வாப்பாவைப் பார்த்து ஒருக்காச் சிரிங்க."

பிள்ளை சிரித்தான்.

அழகான சிரிப்பு. மேலும் கீழுமாகச் சின்னச் சின்னப் பற்கள். வரிசை குலையாமல், ஒன்றும் குறையாமல்.

ஜுமானா அவனுடைய காதில், மூச்சுக் காற்றிலும் மெல்லமாகச் சொன்னாள். அன்று பின்னேரம் அகீலுக்கு முதல் பால்பல் விழுந்தது. மேல்வரிசையில், முன்பல். கூரைக்கு எறிந்தால் புதுப்பல் வருமென்று அதைக் கையில் பொத்திக்கொண்டுதான் குசினிக் கதவால் முற்றத்துக்கு இறங்கினான். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பொலிசுக்குச் சொல்லவில்லை, தம்பிக்குச் சொல்லவில்லை, பெற்ற தகப்பனுக்கும் சொல்லவில்லை. சேட்டுப் பிழை ஒருநாள் திருத்தப்பட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இந்த ஒன்றை மட்டும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

றிஸ்கானின் கை தாழ்ப்பாளிலிருந்து தானாக வழுவியது.

வெளியே சிரிப்பு நின்றது.

"என்ன பிழை உம்மா?"

ஜுமானா றிஸ்கானைக் கதவிலிருந்து பின்னுக்கு இழுத்தாள்.

"என்ன பிழை? சொல்லுங்க. சரியா வாறன்."

கதவில் ஒரு அடி விழுந்தது. பிள்ளையின் கையால் அடிக்கக்கூடிய அடி அல்ல அது. நிலையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மறுபடியும் அடி. குசினிக் கதவிலும் அதே நேரத்தில் அடி. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் அடி. லிங்கநகரிலும் நிலாவெளியிலும் கிளிவெட்டியிலும் ஒரே நேரத்தில் நின்றது எப்படி நின்றதென்று றிஸ்கானுக்கு அப்போது விளங்கியது. சுற்றிச் சுற்றி, எல்லாப் பக்கத்திலிருந்தும், மகனின் குரலில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன பிழை. என்ன பிழை. என்ன பிழை.

ஜுமானா காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். மடியிலிருந்து இறங்கிய அசனா அறை நடுவில் தனியே நின்றாள். அவளுக்கு அந்தக் குரல் நானா என்று அவள் கூப்பிடுகிற அண்ணனின் குரல். நானா கேட்கிறான், ஒருத்தரும் பதில் சொல்கிறார்கள் இல்லை. அன்று குசினிப் படியில் அவளும் நின்றாள் அல்லவா? அவளுக்குத் தெரியும் அல்லவா?

"நானா, உங்கட பல்லு விழுந்திட்டுத்தானே" என்றாள். "முன்னுக்கு இருந்த பல்லு. கூரைக்கு எறிஞ்சீங்களே."

ஜுமானா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன?

அடி நின்றது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நின்றது.

ஈரக் காலடி படியால் இறங்கிப் போனது. மணமும் மெல்ல மெல்லக் குறைந்தது. பக்கத்து வீட்டில் பஹ்மியா கோழிகளை அடைக்கிற சத்தம் கேட்டது. றிஸ்கான் சுவரோடு சரிந்து தரையில் இருந்தான். போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தான்.

"இனி எனக்கிட்ட ஒண்டுமில்ல" என்றாள் ஜுமானா. அசனாவை அவள் ஏசவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "இனி என்ட புள்ளையே வந்து நிண்டாலும் எனக்குத் தெரியாது. அவனுக்கும் திறக்க மாட்டன்."

அவள் அழத் தொடங்கினாள். இத்தனை காலத்தில் ஒருவரும் காணாத அழுகை.

அப்போது கூரைத் தகரத்தில் டொக்கென்று ஒரு சத்தம்.

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். சின்னப் பொருள் ஒன்று தகரத்தின் பள்ளத்தில் விழுந்து, சரிவில் உருண்டு உருண்டு வந்தது. விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு வாசல்படியின் சீமெந்தில் விழுந்து, துள்ளி, கதவடியில் வந்து நின்றது.

கதவுக்கு மறுபக்கம், தரையோடு தரையாக, யாரோ குனிந்து கதைக்கிற மாதிரி அந்தக் குரல் வந்தது. இந்த முறை முன்பல் இல்லாத இடைவெளியால் காற்றுப் போனது.

"இப்ப சரியா, உம்மா?"